பயன்படாத காலுக்கும் துளை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சிறுதொழில் பக்கத்தில், தண்ணீர்த் தொட்டிக்கான தானியங்கி மோட்டார் கன்ட்ரோலர் போர்டு வடிவமைப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். பாகங்களைத் தேர்ந்தெடுப்பது பற்றிய பகுதி நன்றாகவே இருந்தது. ஆனால் பாகங்களின் உலோகக் கால்களில் சர்க்யூட்டில் வேலை இல்லாதவற்றுக்குத் துளையும் பேடும் (காலை ஈயம் வைத்துப் பிடிக்கும் செப்பு வளையம்) தேவையில்லை, செலவு மிச்சம் என்று ஓரிடத்தில் சொல்லப்பட்டிருக்கிறது. அடுத்த பத்தியிலேயே, மீந்த கால்களைக் கிரவுண்டோடு (சர்க்யூட்டின் பொதுவான மைனஸ்) சேர்த்துவிடலாம் என்றும் இருக்கிறது. பேடே இல்லாத காலை எதோடு எப்படிச் சேர்ப்பது என்பது எழுதியவருக்கே வெளிச்சம். முதல் அறிவுரையால் பணம் வீணாகும். இரண்டாவது ஆளைக் கொல்லக்கூடியது. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

இந்த வகைக் கன்ட்ரோலரில் பெரும்பாலும் ஐந்து கால் உள்ள 12 வோல்ட் கன (கனசதுர வடிவ) ரிலேதான் இருக்கும். காயிலில் மின்சாரம் பாய்ந்தால் காந்தமாகி உள்ளே சுவிட்சை இழுக்கும் பாகம் அது. இரண்டு கால் காயிலுக்கு. மற்ற மூன்றும் சுவிட்ச் முனைகள்: காமன் (பொது முனை), என்.ஓ. (ஓய்வில் திறந்திருப்பது), என்.சி. (ஓய்வில் மூடியிருப்பது). மோட்டாரை ஓட்டக் காமனும் என்.ஓ.வும் போதும் என்பதால் என்.சி. கால் மீந்துவிடுகிறது. அது சும்மா கிடக்கும் கால் அல்ல. ரிலே இழுக்காதபோது காமனும் என்.சி.யும் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும். காமனில் ஃபேஸ் கொடுத்திருந்தால், மோட்டார் நின்றிருக்கும் நேரமெல்லாம் என்.சி. காலில் 230 வோல்ட் நிற்கிறது. அந்தக் காலைக் கிரவுண்டோடு சேர்த்தால், ஃபேஸ் போர்டின் 12 வோல்ட் கிரவுண்டுக்குப் போய், அங்கிருந்து நீர்மட்டம் அறியும் எலக்ட்ரோடு கம்பி வழியே தொட்டித் தண்ணீருக்கு இறங்கும். ஐசியின் டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரத் தாள்) என்.சி. என்றால் 'இணைப்பு இல்லை'. ரிலேயில் என்.சி. என்றால் 'ஓய்வில் மூடியிருக்கும் காண்டாக்ட்'. ஒரே இரண்டெழுத்தை இரண்டு இடத்திலும் ஒரே பொருளில் படித்ததால் வந்த வினையாக இருக்கலாம். இந்த ஒரு வரிக்காவது நாளைய இதழிலேயே திருத்தம் வெளியிட வேண்டுகிறோம்.

இனி விஷயத்துக்கு வருவோம். பயன்படாத காலைப் பற்றி வடிவமைப்பாளர் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். துளை வேண்டுமா? துளையைச் சுற்றிச் செப்புப் பேடு வேண்டுமா? பேடு எதோடாவது இணைய வேண்டுமா? மூன்றையும் ஒரே கேள்வியாகக் கேட்டால் தப்பான பதில்தான் வரும். எங்கள் பதில் இது: துளை எப்போதும் வேண்டும். பேடு அனேகமாக வேண்டும். இணைப்பு, டேட்டாஷீட் சொன்னால் மட்டும்.

துளை ஏன் என்பதில் விவாதத்துக்கே இடமில்லை. பாகத்தில் கால் இருக்கிறது, அது போக வழி வேண்டும். துளை இல்லாவிட்டால் அசெம்பிளி செய்பவர் காலை வெட்டுவார் அல்லது மடிப்பார். பிளாஸ்டிக் உடலை ஒட்டி ஐசி காலை வெட்டினால், அந்த அழுத்தத்தில் உறையும் காலும் சேரும் இடத்தில் விரிசல் விட்டு ஈரம் உள்ளே போகலாம். ரிலேயில் இது இன்னும் மோசம். வெளியே தெரியும் காலும் உள்ளே இருக்கும் காண்டாக்ட் தகடும் ஒரே உலோகத் துண்டாகத்தான் இருக்கும். காலை மடித்தால் உள்ளே காண்டாக்ட் இடைவெளி மாறிவிடும். அன்று வேலை செய்யும், சில மாதத்தில் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டு மோட்டார் நிற்காமல் ஓடும். காரணத்தை யாரும் மடித்த காலில் தேடமாட்டார்கள்.

துளையின் அளவை, பயன்படும் காலுக்குக் கணக்கிடுவது போலவே கணக்கிட வேண்டும். சர்க்யூட் போர்டு வடிவமைப்புக்கான ஐ.பி.சி. 2222 தரம், காலின் அதிகபட்சத் தடிமனோடு 0.25, 0.20 அல்லது 0.15 மி.மீ. கூட்டச் சொல்கிறது. போர்டு எவ்வளவு நெருக்கமோ அதற்கேற்பக் குறைந்துகொண்டு வரும். கையால் பாகம் சொருகும் இடத்தில் 0.25-ஐ எடுத்துக்கொள்வதே நல்லது. தட்டையான, சதுரமான கால்களுக்கு அகலத்தைப் பார்க்கக் கூடாது, மூலைவிட்டத்தைப் பார்க்க வேண்டும். பெர்க் கனெக்டரின் 0.64 மி.மீ. சதுரக் காலுக்கு மூலைவிட்டம் 0.9 மி.மீ.க்குச் சற்று மேல் வரும், துளை 1.1 முதல் 1.15. இரண்டு வரிசைக் கால்கள் உள்ள சாதாரண டிப் ஐசிக்கு 0.8 அல்லது 0.9. கன ரிலேக்குப் பொதுவாக 1.3 மி.மீ. இதெல்லாம் போர்டு கைக்கு வரும்போது இருக்க வேண்டிய அளவு. இரு முகத்திலும் செப்பு உள்ள இருபக்கப் போர்டில் துளைச் சுவரில் ஏறும் செப்புப் பூச்சு ஒரு பக்கத்துக்கு 25 மைக்ரான் அளவில் இருக்கும், அதற்காகப் போர்டு போடுபவர் 0.1 முதல் 0.15 மி.மீ. பெரிய டிரில்லை எடுப்பார். நீங்களும் கூட்டி அவரும் கூட்டினால் கால் துளைக்குள் ஆடும்.

'பயன்படாத கால்தானே, கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்' என்று 1.5, 2 மி.மீ. துளை போடுவதையும் பார்க்கிறோம். உருகிய ஈயத் தொட்டியில் (சால்டர் பாட்) போர்டை முக்கி எடுக்கும் சிறு யூனிட்டுகளில் அந்தத் துளை வழியே உருகிய ஈயம் பொங்கி மேலே வந்து, பாகத்தின் அடியில் உறைந்து நிற்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. ரிலேக்கு அடியில் இப்படி ஒரு ஈயக் குமிழ் நின்றால், காயிலுக்கும் காண்டாக்டுக்கும் நடுவே நீங்கள் விட்ட இடைவெளி காகிதத்தில் மட்டும்தான்.

டிசி ஜாக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். 5.5 மி.மீ. ஜாக்கில் மூன்று தட்டைக் கால்கள் உண்டு. மூன்றாவது, பிளக் சொருகாதபோது வெளி வளையத்தோடு தொட்டுக்கொண்டிருக்கும் சுவிட்ச் கால். அடாப்டரில் மட்டும் ஓடும் போர்டில் அதற்கு வேலை இல்லை. ஆனால் பிளக்கை இழுக்கும் பலத்தில் ஒரு பங்கை அது தாங்குகிறது. தட்டைக் கால் என்பதால் அதற்கு வட்டத் துளை ஆகாது, நீள்துளை வேண்டும். டிரில் ஃபைலில் நீள்துளை சரியாகப் போகாவிட்டால் 3 மி.மீ. வட்டத் துளையாக வந்து நிற்கும், ஈயம் வைத்தாலும் பிடிக்காது.

செலவைப் பற்றி. சாம்பிள் போர்டு போடுபவர்கள் பரப்பளவுக்கும் லேயர் எண்ணிக்கைக்கும்தான் விலை சொல்கிறார்கள். பத்துத் துளையை எடுத்துவிட்டால் பைசா குறையாது. அதிக எண்ணிக்கையில் போடும்போது கதை வேறு. மலிவான ஒருபக்க ஃபினாலிக் போர்டை டிரில் செய்வதில்லை, டை வைத்து ஒரே அடியில் பஞ்ச் செய்கிறார்கள். அங்கே ஒரு துளை கூடினாலும் குறைந்தாலும் அடி ஒன்றுதான். ஆனால் விட்டுப்போன துளையைப் பின்னால் சேர்க்க வேண்டுமென்றால் டையைத் திருத்த வேண்டும், அல்லது ஒவ்வொரு போர்டையும் கையில் எடுத்து டிரில் போட வேண்டும். துளையை மிச்சம் பிடித்தவர் இந்த இடத்தில் அதை வட்டியோடு கட்டுவார்.

அடுத்தது பேடு. ஒருபக்கப் போர்டில் துளைச் சுவரில் செப்பு இல்லை. பாகத்தைப் பிடித்து நிறுத்துவது அடியில் இருக்கும் 35 மைக்ரான் செப்பு வளையம் மட்டுமே, அதையும் போர்டோடு ஒட்டி வைத்திருப்பது பசை. சால்டரிங் சூட்டில் பசை இளகும். பதினாறு கால் ஐசியில் ஏழு காலுக்குப் பேடு இல்லையென்றால், மீதி ஒன்பதும் முழுப் பாரத்தையும் தாங்குகின்றன. ஐசியைச் சொருகும் பேஸ் போட்ட போர்டில் ஐசியை நெம்பி எடுக்கும்போது முதலில் உரிந்து வருவது அந்த ஒன்பதில் ஒன்றாகத்தான் இருக்கும். போர்டில் பொருத்தும் டிரான்ஸ்ஃபார்மரில் இதை அப்படியே கண்ணால் பார்க்கலாம். அதன் பாபினில் (கம்பி சுற்றும் பிளாஸ்டிக் சட்டம்) கம்பிச் சுற்று எதுவும் சேராத கால்கள் இருக்கும். அவை பாரம் தாங்குவதற்காகவே வைக்கப்பட்டவை. அவற்றுக்குப் பேடு இல்லாவிட்டால், மோட்டார் அறை அதிர்விலும் லாரிப் பயணத்திலும் மற்றக் கால்களின் ஈயத்தில் வட்டமாக விரிசல் விழும். தட்டினால் எரியும், விட்டால் அணையும் என்று சர்வீஸுக்கு வரும் போர்டுகளைத் திருப்பிப் பார்த்தால் கனமான பாகங்களின் காலைச் சுற்றி இந்த வளையம் தெரியும்.

ஆகவே வேலை இல்லாத காலுக்கும் வேலை செய்யும் காலுக்குப் போட்ட பேடையே போடுங்கள். இருபக்கப் போர்டில் 0.8 துளைக்கு 1.5 அல்லது 1.6 மி.மீ. பேடு சரியாக வரும். ஒருபக்கப் போர்டில் அதே துளைக்கு 2 மி.மீ. வேண்டும். 2.54 மி.மீ. வரிசையில் வட்டமாக 2 மி.மீ. போட்டால் பக்கத்துப் பேடுக்கு அரை மி.மீ. மட்டுமே மிஞ்சி ஈயம் பாலம் கட்டும். அதனால் வரிசைக்குக் குறுக்காக 1.6-க்கு 2.4 நீள்வட்டமாகப் போடுவது வழக்கம். டிரான்ஸ்ஃபார்மரின் தாங்கு கால்களுக்கு இடம் இருக்கும் மட்டும் பெரிதாக, 3 மி.மீ. வரை போகலாம்.

பேடு இருந்தால் இன்னொரு வசதி. சோதிப்பவர் கண்ணுக்கு எல்லாக் காலும் ஒரே மாதிரி ஈயம் பிடித்திருக்க வேண்டும். இடையில் ஒரு கால் வெறுமையாக நின்றால் அது வடிவமைப்பா, விட்டுப்போனதா என்று அவருக்குத் தெரியாது. ஒன்று, நல்ல போர்டைத் தள்ளி வைப்பார். அல்லது வெறும் காலுக்குப் பழகிப்போய் நிஜமாகவே விட்டுப்போன காலையும் விட்டுவிடுவார். தவிர, நாளை மைக்ரோகன்ட்ரோலரில் ஒரு சென்சார் கூட்ட வேண்டியிருந்தால், ஒயர் ஒட்டுவதற்கு அந்தப் பேடுதான் இடம்.

எங்கே பேடை எடுத்துவிட வேண்டும்? உயர் மின்னழுத்தம் உள்ள இடத்தில். ஒன்றோடும் சேராத செப்புத் துண்டு இரண்டு கடத்திகளுக்கு நடுவே கிடந்தால், தன் அகலத்தை அந்த இடைவெளியிலிருந்து தின்றுவிடும். டிரையாக்கை (ஏசி மின்சாரத்துக்கான மின்னணு சுவிட்ச்) ஓட்டும் எம்.ஓ.சி. 3021 ஐசியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு கால். 4-ம் 6-ம் டிரையாக் முனைகள், அவற்றில் மெயின்ஸ். நடுவில் இருக்கும் 5-ஐ எதோடும் சேர்க்கக் கூடாது என்று டேட்டாஷீட்டிலேயே இருக்கிறது. அது உள்ளே சில்லின் அடித்தளத்தோடு சேர்ந்த கால். 4-க்கும் 6-க்கும் மையத்திலிருந்து மையத்துக்கு 5.08 மி.மீ. மூன்றுக்கும் 1.6 மி.மீ. பேடு போட்டால் வெற்றுப் போர்டாக மிஞ்சுவது இரண்டு பக்கமும் 0.94 வீதம், மொத்தம் 1.88 மி.மீ. 5-க்குப் பேடு எடுத்து 0.8 மி.மீ. வெறும் துளையாக விட்டால் 2.68 கிடைக்கும். கால் உலோகம் அங்கே நிற்கத்தான் செய்கிறது, அதனால் முழு 3.48 கிடைக்காது. மூன்று பேடையும் குறுகலான நீள்வட்டமாக, வரிசைத் திசையில் 1.2 மி.மீ. அகலத்தில் போட்டால், 5-இன் பேடை வைத்துக்கொண்டே அதே 2.68 வந்துவிடும். பாகமும் உறுதியாக நிற்கும். எங்கள் ஓட்டு இதற்கே.

பாகம் செய்பவர்களே காலை எடுத்துவிடுவதும் உண்டு. டைனிசுவிட்ச்-2 வரிசை மின்வழங்கி ஐசிகளில் எட்டுக் கால் உறையில் 6-ம் கால் இருக்காது. பக்கத்து 5-ல் பல நூறு வோல்ட் ஆடுவதால் அந்த இடம் காலி. அங்கே சாதாரண எட்டுக் கால் ஃபுட்பிரிண்டை (போர்டில் பாகம் உட்காரும் துளை-பேடு அமைப்பு) வைத்து, கால் இல்லாத துளைக்கும் பேடு போட்டால் அவர்கள் எடுத்த காலை நீங்கள் திருப்பி வைத்த மாதிரி. கால் இல்லாத இடத்தில் துளையும் கூடாது. கம்ப்யூட்டர் மதர்போர்டின் யூ.எஸ்.பி. கனெக்டரில் விட்டிருக்கும் ஒன்பதாவது கால் போல, திருப்பிச் சொருகாமல் காக்கும் இடங்களுக்கும் இதே விதி.

ரிலேக்குத் திரும்புவோம். என்.சி. தேவையே இல்லையென்றால் நல்ல வழி, என்.சி. கால் இல்லாத நான்கு கால் ரிலே வாங்குவது. ஆனால் கடையில் அது கிடைக்காத நாளில் ஐந்து கால் வகைதான் கைக்கு வரும், அதற்கும் இடம் வேண்டும். அதனால் என்.சி. இடத்தில் 1.3 மி.மீ. பூச்சில்லாத துளை, பேடு இல்லாமல். இரண்டு ரிலேயும் உட்காரும். பேடு இல்லை என்பதற்காக இடைவெளிக் கணக்கை விட்டுவிடக் கூடாது, அடியில் நீட்டி நிற்கும் காலில் ஃபேஸ் இருக்கிறது. மென்பொருள் தானாக நிரப்பும் கிரவுண்ட் பரப்பு, நீங்கள் மாற்றாவிட்டால், அரை மி.மீ. தள்ளி நின்றுவிடும். தொட்டித் தண்ணீரைத் தொடும் பக்கத்துக்கும் மெயின்ஸுக்கும் நடுவே வலுவூட்டிய காப்பு வேண்டும். சாதாரண போர்டுப் பரப்பில் அளந்தால், உலர்ந்த சுத்தமான பெட்டிக்குள் 250 வோல்ட் வரை 5 மி.மீ., 300 வரை 6.4 மி.மீ. நம் ஊர் மின்சாரம் 250-ஐத் தாண்டுவது புதிதல்ல, 6.4-க்குக் கீழே போகாதீர்கள். ஈரமும் தூசியும் படியும் மோட்டார் அறை என்றால் 8-லிருந்து தொடங்குங்கள்.

இங்கே ஒரு கசப்பான செய்தியையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கன ரிலேயில் காமன் கால், இரண்டு காயில் கால்களுக்கு நடுவிலேயே இருக்கிறது. அங்கே 6.4 மி.மீ. கிடைக்கவே கிடைக்காது. பேடைச் செதுக்கியோ, நடுவில் 1 மி.மீ.க்குக் குறையாத அகலத்தில் போர்டை வெட்டி வழி விட்டோ கொஞ்சம் தேற்றலாம், அதற்குக் குறைவான வெட்டு கணக்கில் சேராது. தண்ணீரைத் தொடும் கன்ட்ரோலருக்கு, காயில் கால்கள் ஒரு முனையிலும் காண்டாக்ட் கால்கள் மறு முனையிலும் இருக்கும் 29 மி.மீ. நீள வகை ரிலேதான் ஒழுங்கான தேர்வு. அதில் 16 ஆம்பியர் வகைக்கு எட்டுக் கால், ஒவ்வொரு காண்டாக்டுக்கும் இரண்டு கால். இரண்டாவதை உபரி என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால்தான் 16 ஆம்பியர்.

மூன்றாவது கேள்வி, இணைப்பு. டேட்டாஷீட்டில் 'உள்ளே இணைப்பு இல்லை' என்றிருந்தால் பேடைத் தனியாக விடலாம். 'இணைக்காதே' என்றிருந்தால் விட்டே ஆக வேண்டும், அந்தப் பேடிலிருந்து டிராக் (செப்புக் கோடு) எதுவும் கிளம்பக் கூடாது. சூட்டைப் பரப்ப உதவும் என்று கிரவுண்ட் பரப்போடு சேர்ப்பது, அப்படிச் செய்யலாம் என்று எழுதியிருந்தால் மட்டும். சேர்க்கும்போதும் பேடை முழுப் பரப்பில் மூழ்கடிக்காமல் 0.3 மி.மீ. அளவில் நான்கு கைகளால் பிடிக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பரப்பு சூட்டை உறிஞ்சி ஈயம் ஓடாது.

உண்மையில் சங்கடம் தருவது என்.சி. கால்கள் அல்ல. சும்மா இருப்பது போலத் தோன்றும், ஆனால் சும்மா விடக் கூடாத கால்கள்தான். 8051 வகை மைக்ரோகன்ட்ரோலரில் 31-ம் காலைப் பிளஸ்ஸில் சேர்க்காவிட்டால் உள்ளே எழுதிய நிரல் ஓடாமல் போகலாம். ரிலே ஓட்டும் யு.எல்.என். 2003-இல் 9-ம் காலை ரிலே சப்ளையில் சேர்க்காவிட்டால், காயில் அணையும்போது கிளம்பும் அதிர்ச்சி வோல்ட்டேஜுக்கு வடிகால் இல்லை, ஐசி சீக்கிரம் போய்விடும். டைமர் ஐசி 555-இல் 4-ம் கால் பிளஸ்ஸுக்கு, 5-ம் கால் 10 நானோஃபாரட் வழியே கிரவுண்டுக்கு. இதற்கு நேர்மாறாக, பெருக்கி ஐசி 741-இன் 1, 5 கால்களை ஒன்றும் செய்யாமல் விட வேண்டும், அவை ஆஃப்செட் சரிசெய்யும் கால்கள். ஒலி பெருக்கும் எல்.எம். 386-இன் 1, 8 கால்களைத் திறந்து விட்டால் பெருக்கம் 20, நடுவில் 10 மைக்ரோஃபாரட் வைத்தால் 200. இங்கே விட்டுவைப்பதும் ஒரு வடிவமைப்பு முடிவுதான்.

கேட் (தருக்கச் சுற்று) ஐசிகளில் உபரியாக நிற்கும் உள்ளீட்டை மிதக்க விடவே கூடாது. சீமாஸ் வகை ஐசியின் உள்ளீடு நடுவில் மிதந்தால் உள்ளே இரண்டு டிரான்சிஸ்டரும் அரைகுறையாகத் திறந்து கரன்ட் ஓடும், ஐசி சுடும், பக்கத்து கேட்டும் சேர்ந்து தடுமாறும். தொட்டி கன்ட்ரோலர்களில் இன்னும் புழங்கும் சி.டி. 4011-இல் எந்த கேட்டை உபரியாக விடுவது என்பதையே டிராக்கை மனதில் வைத்துத் தீர்மானிக்கலாம். 12, 13 உள்ளீடுகள் பிளஸ் காலான 14-ஐ ஒட்டியே இருக்கின்றன. மூன்று பேடையும் ஒரே நேர்க்கோட்டில் இணைத்தால் முடிந்தது, ஜம்பர் கம்பி வேண்டாம். இரண்டாவது கேட்டும் உபரியென்றால் 5, 6-ஐ அடுத்துள்ள கிரவுண்ட் கால் 7-உடன் சேருங்கள். வெளியீடுகளான 11, 4-ஐத் திறந்தே விடுங்கள், பேடு மட்டும் போதும். வெளியீட்டை எந்தச் சப்ளையோடும் கட்டக் கூடாது.

இரண்டு பெருக்கிகள் உள்ள எல்.எம். 358-இல் ஒரு பாதி மீந்தால் 6-ஐயும் 7-ஐயும் சேர்த்து, 5-ஐ எதிரில் இருக்கும் கிரவுண்ட் கால் 4-உடன் ஐசியின் அடியில் ஒரு டிராக்கால் இணைக்கலாம். ஒற்றைச் சப்ளைக்கு இது போதும். அதே கால் வரிசை உள்ள எல்.எம். 393 ஒப்பீட்டு ஐசிக்கு இப்படிச் செய்யக் கூடாது. அதில் 5, 6 இரண்டும் கிரவுண்டுக்கு, 7 திறந்து. போர்டைப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியும் என்பதால், ஒன்றின் லேஅவுட்டை நகலெடுத்து மற்றதற்கு வைப்பது அடிக்கடி நடக்கிற தவறு. சீரியல் இணைப்புக்கான மேக்ஸ் 232-இல் உபரி உள்ளீடுகளுக்கு உள்ளேயே ரெசிஸ்டர் இருக்கிறது, விட்டுவிடலாம்.

மைக்ரோகன்ட்ரோலரின் மீந்த கால்களை நேராகக் கிரவுண்டில் கட்டாதீர்கள். நிரலில் ஒரு பிழையால் அந்தக் கால் வெளியீடாக மாறி மேலே போனால் நேரடி ஷார்ட். நிரலிலேயே உள் புல்-அப் (பிளஸ்ஸுக்கு இழுக்கும் ரெசிஸ்டர்) போடலாம், அல்லது 10 கிலோ ஓம் வழியே கட்டலாம். இடம் இருந்தால் 1 மி.மீ. சோதனைப் பேடு வரை இழுத்து வையுங்கள். ஈ.எஸ்.பி. 32 மாட்யூலில் 6 முதல் 11 வரையிலான ஜி.பி.ஐ.ஓ. (பொது உள்ளீடு-வெளியீடு) கால்கள் உள்ளே இருக்கும் ஃப்ளாஷ் மெமரிக்குப் போகின்றன. அவற்றுக்குப் பேடு உண்டு, ஈயமும் உண்டு, டிராக் மட்டும் கிடையாது.

போர்டின் மேற்பரப்பிலேயே ஒட்டும் சர்ஃபேஸ் மவுண்ட் பாகங்களில் துளைக் கேள்வி இல்லை, பேடு கட்டாயம். உருகிய ஈயத்தின் இழுப்புதான் ஐசியை நடுவில் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஒரு பக்கம் நான்கு பேடை எடுத்துவிட்டால் எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு கோணும். மூலைப் பேடுகளை எந்தக் காரணத்துக்கும் விடக் கூடாது, போர்டு வளையும்போது அதிகம் அழுத்தம் வாங்குபவை அவையே.

நான்கு லேயருக்கு மேல் போகிறவர்களுக்கு ஒன்று. வெளி லேயர்களில் பேடு வேண்டும் என்பதால் உள் லேயர்களிலும் வேண்டும் என்பதில்லை. டிராக் சேராத உள் லேயர்ப் பேடுகளை எடுத்துவிட்டால் டிரில் தேய்மானம் குறையும், நெருக்கமான இடத்தில் டிராக் போக வழி கிடைக்கும். ஆனால் பேடு போய்விட்டதே என்று செப்புப் பரப்பைத் துளை வரை நெருங்க விடாதீர்கள். டிரில் சற்று விலகித்தான் இறங்கும், துளைச் சுவரிலிருந்து 0.25 மி.மீ.யாவது செப்பு தள்ளி நிற்க வேண்டும்.

கடைசியாக, இதையெல்லாம் கோப்பில் பதியும் முறை. கிகேட் மென்பொருளில் சர்க்யூட் வரைபடத்தில் வேண்டுமென்றே விட்ட ஒவ்வொரு காலிலும் இணைப்பில்லாக் குறியை வையுங்கள். க்யூ விசையை அழுத்தினால் பெருக்கல் குறி போல வரும். அதன்பின் சோதனை ஓட்டினால், நீங்கள் மறந்த கால்கள் மட்டும் எச்சரிக்கையாக மிஞ்சும். குறி வைக்காமல் எல்லா எச்சரிக்கையையும் மொத்தமாகத் தள்ளுபவர்களுக்குத்தான் 8051-இன் 31-ம் கால் காத்திருக்கிறது. ஃபுட்பிரிண்டில் மற்றப் பேடுகளின் எண்களை மாற்றாதீர்கள். பேடை எடுக்க வேண்டிய இடத்தில் அதைப் பூச்சில்லாத துளை வகைக்கு மாற்றி, செப்பு அளவைத் துளை அளவுக்கே சமமாக வையுங்கள். டிரில் ஃபைல் எடுக்கும்போது பூச்சுள்ள துளைகளையும் பூச்சில்லாதவற்றையும் இரண்டு தனிக் கோப்பாக எடுங்கள். ஒரே கோப்பில் கலந்து அனுப்பினால் ரிலேயின் அந்த 1.3 மி.மீ. துளைக்கும் சுவரில் செப்பு ஏறி வரக்கூடும். அனுப்பும் முன், போர்டுக் கோப்புகளைக் காட்டும் ஜெர்பர் பார்வை மென்பொருளில் திறந்து, டேட்டாஷீட்டின் கால் எண்ணிக்கையையும் ஃபுட்பிரிண்டின் துளை எண்ணிக்கையையும் ஒவ்வொரு பாகமாக எண்ணிச் சரிபாருங்கள். போர்டு வந்தபின் மெயின்ஸ் கொடுக்கும் முன், ரிலே பொருத்திய நிலையில் என்.சி. காலுக்கும் 12 வோல்ட் கிரவுண்டுக்கும் நடுவே மெக்கர் (காப்பைச் சோதிக்கும் கருவி) வைத்து 500 வோல்ட்டில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சாதாரண மல்டிமீட்டர் 0.5 மி.மீ. இடைவெளியையும் முழு ஓப்பன் என்றே காட்டும். 500 வோல்ட்டில் மெக்கர் காட்டுவதும் அழுக்கும் ஈரமும் ஃப்ளக்ஸ் மிச்சமும் விடும் கசிவை மட்டுமே. மி.மீ. கணக்கை ஸ்கேல் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
சர்க்யூட் போர்டு வடிவமைப்பாளர்கள் சிலர்,
கோயம்புத்தூர்.